என் குரலில் அலறும் தண்ணீர் லாரிச் செயலி குறித்து

அனுப்புநர்:
'ஹாரன்' என்று தெருவே அழைக்கும் பதினொன்றாம் வகுப்பு மாணவன்,
மாடி அறை, சைக்கிள் கடைச் சந்து.

பெறுநர்:
குடிநீர் வழங்கல் அதிகாரி அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: செயலியின் கடவுச்சொல்லைத் தரவும், இயலாவிடில் மாற்று ஏற்பாடு செய்யவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் சந்துக்குத் தண்ணீர் லாரி வரும் நேரம் வாரந்தோறும் மாறும். அதைத் தெரிவிக்க, இணையப் பக்கம் எழுதும் முறையிலேயே ஒரு சிறு செயலி செய்தேன். கீழ்வீட்டு அக்காவின் மலிவு போன்தான் என் சோதனைக்கூடம். இரண்டு படம் சேர்ந்தாலே அதற்கு மூச்சு வாங்கும். எனவே படமே வைக்கவில்லை. பெரிய எழுத்தில் நேரம், லாரி வரும் வேளையில் ஒரு ஹாரன், அவ்வளவுதான். ஹாரன் என்பது நான் வாயால் அலறிப் பதிவு செய்தது: "பாம்ம்ம்! தண்ணி வந்தாச்சு, தூங்குமூஞ்சிகளா!"

2. தங்கள் அலுவலகம் என் கையைக் குலுக்கிப் படமெடுத்து, செயலியை எடுத்துக்கொண்டது. கணினிப் பிரிவு அண்ணன் கடவுச்சொல்லை மாற்றினார். விசாரித்தால், "அவரு மாத்தினாரு, அவரையும் வேற ஊருக்கு மாத்திட்டாங்க, நாங்க என்னப்பா பண்றது?" என்கிறார்கள். அன்றுமுதல் செயலி 'விடியற்காலை' என்ற பழைய நேரத்திலேயே நிற்கிறது. லாரி தன் இஷ்டத்துக்கு வருகிறது.

3. புதிதாக ஒன்று செய்யலாமென்றால், அனுமதியின்றிச் செய்யக் கூடாதென்று தங்கள் ஆணை. இதை நீக்கலாமென்றால், இது இருக்கும் போனுக்குத்தான் தண்ணீர் டோக்கன். வைத்தாலும் வம்பு, எடுத்தாலும் வம்பு. தினமும் விடியலில் சந்து முழுக்க என் குரல் அலறுகிறது. இன்று நிஜமாகவே வந்துவிட்டால் என்ன செய்வது என்று எல்லோரும் குடத்தோடு ஓடுகிறார்கள். பிறகு அதே குடத்தோடு என் வாசலுக்கு வருகிறார்கள். "டேய் ஹாரன், வெளிய வாடா, காத்தைப் புடுங்கி விடறேன்!" என்கிறார் சைக்கிள் கடைக்காரர். பின்பக்கக் குழாயைப் பிடித்து இறங்கித்தான் பள்ளிக்குப் போகிறேன்.

4. அவர்களைச் சமாளிப்பேன், வாய் எனக்கும் உண்டு. கீழ்வீட்டு அக்கா திட்டுவதில்லை, அதுதான் கஷ்டம். கைக்குழந்தையோடு லாரிக்குக் காத்து நின்று, தையல் ஆலைக்குத் தாமதமாகப் போகிறார். இன்னொரு முறை தாமதித்தால் வேலை போய்விடும். நேற்று படியில் நின்று, "உன் ஹாரனை நம்பக் கூடாதுன்னுதான் பாக்கறேன் தம்பி. வீட்ல ஒரு சொட்டு இல்லையேடா" என்றார்.

5. எனவே, கடவுச்சொல்லைத் தேடித் தர வேண்டுகிறேன். திருத்த ஒரு நிமிடம் போதும். கிடைக்காவிடில், புதுச் செயலிக்கு அனுமதி தாருங்கள். அதற்கும் கோப்பு நகர வேண்டுமெனில், அதுவரை லாரியை விடியற்காலையிலேயே அனுப்பிவையுங்கள். லாரிக்குக் கடவுச்சொல் கிடையாது. ஓட்டுநர் அண்ணனிடம் தாங்கள் ஒரு வார்த்தை சொன்னாலே திருந்திவிடும்.

அக்காவுக்கு நாளையும் காலை வேலை.

நாள்: திங்கட்கிழமை
இடம்: மாடி அறை, உள்தாழ்ப்பாள் போட்டபடி

இப்படிக்கு,
வெளியே வர இயலாத,
ஹாரன்