லேகியமும் பவர் பிரஸ்ஸும்

3-2-97, திங்கள்

காலையில் பனி. ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம். டவுன் பஸ் பிடித்து ஆவாரம்பாளையம். சாணைக்குப் போன பிரஸ் டை இன்னும் வரவில்லை. பதினொரு மணிக்குக் கரண்ட் போனது.

செய்ய வேண்டியவை: பெல்ட். எர்த் ஒயர் பார்க்க ஆள். வீட்டுக்கு நல்லெண்ணெய்.

ரங்கன் இன்றும் கை காட்டவில்லை. நேரே பேக்கிங் மேஜைக்குப் போய் உட்கார்ந்துகொண்டான்.

என் சட்டத்தை ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன், எங்கே ஓட்டை என்று தெரியட்டும். மோட்டார் தகடு வெட்டுகிற ஷெட். மேலிருந்து அடித்து வெட்டுகிற டைக்குக் கீழே கை போனால் போனதுதான். கூலிக்கு பிரஸ் ஓட்டிய காலத்தில் என் சுண்டுவிரல் ஒன்று போனது. சொந்த ஷெட் போட்டதும் நான் வைத்த ஒரே சட்டம்: வீல் சுற்றுமுன் பிரஸ்ஸில் நிற்கிறவன் இரண்டு கையையும் நீட்டி என்னிடம் காட்ட வேண்டும். "செரிங்களா?" "செரி." அவ்வளவே. முந்தின நாள் தண்ணி போட்டவன், தூங்காதவன், காய்ச்சல்காரன் காட்ட வேண்டாம். அன்றைக்கு அவனுக்குப் பேக்கிங், முழுக் கூலி. ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது, நானும் கேட்கக் கூடாது. கேட்டால் பொய் சொல்வான். பொய் சொன்னவன் கைதான் முதலில் போகும்.

முருகேசனுக்குத் திங்கட்கிழமை என்றால் பேக்கிங். தெருவுக்கே தெரியும்.

ஆனால் ரங்கன்? பீடிகூடக் கிடையாது. குடலில் புற்றுக்கட்டி, ஆபரேஷன், கரண்ட் வைத்தது எல்லாம் முடித்துப் பொங்கல் கழித்துத்தான் வந்தான், எலும்பும் தோலுமாக. இப்போது டிபன் கேரியரை வழித்துச் சாப்பிடுகிறான். ஆள் தேறுகிறான். கை மட்டும் காட்ட மாட்டேன் என்கிறான்.

5-2, புதன்

கேட்டுவிட்டேன். டீ வாங்கித் தருகிற சாக்கில் தெருமுனைக்குக் கூட்டிப் போய்.

"ஏன்டா ரங்கா, கை நடுங்குதா?"

"இல்லீங்ணா. லேகியம் திங்கறனுங்க."

"லேகியம் நானுந்தான் தீவாளிக்குத் திங்கறேன்."

"அது வேறீங்ணா. இதுல கஞ்சா சேருதுங்க."

சத்தியமங்கலத்தில் ஒரு சித்த வைத்தியர் தருகிறாராம். லைசென்ஸ் மருந்துதான், டப்பாவில் லேபிள் ஒட்டியிருக்கிறது, காட்டினான். தின்றால் வாந்தி நிற்கிறது, வலி அமர்கிறது, பசிக்கிறது. தின்னாவிட்டால் தண்ணீர்கூட இறங்குவதில்லை.

"போதை ஏறுதா?"

"தெரியலீங்ணா. எல்லாம் கொஞ்சம் மெதுவாத் தெரியுதுங்க. வீலு மெதுவாச் சுத்தறாப்பல இருக்குது. வீலு மெதுவாச் சுத்தாதுங்களே."

அதனால்தான் கை காட்டவில்லையாம். என் சட்டத்தை என் ஷெட்டில் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டிருப்பவன் இவன் ஒருவன்தான்.

நல்லெண்ணெய் மறந்தேன். பேச்சு வாங்கினேன்.

7-2, வெள்ளி

வெயில் வந்துவிட்டது. டை வந்தது. எப்போதும் மாட்டுகிற ரங்கன் பேக்கிங்கில், அதனால் முருகேசன் மாட்டினான், தகடெல்லாம் பிசிறு. பாதி கழிவு.

சாயங்காலம் ஆர்.எஸ்.புரம், எனக்குச் சர்க்கரை பார்க்கிற டாக்டர். ரங்கன் விஷயத்தைச் சொன்னேன்.

"சாப்பிடட்டும். வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன்."

"அப்ப பிரஸ்ல நிக்கலாம்னு ஒரு வார்த்தை எழுதித் தாங்க."

"அதையும் எழுத மாட்டேன்."

"அப்ப நான் என்ன பண்ணட்டுமுங்க?"

"உங்களுக்குச் சர்க்கரை ஏறியிருக்கு. அதைப் பாருங்க."

9-2, ஞாயிறு

பொள்ளாச்சி ரோட்டு மண்டபத்தில் கல்யாணம். பந்தியில் பக்கத்தில் தங்கச்சி மகன். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை, லீவில் வந்திருக்கிறான். பேச்சுவாக்கில் கேட்டேன்.

"அங்க ஒரு மாநிலத்துல ஓட்டுப் போட்டே பாஸ் பண்ணிட்டாங்க மாமா. டாக்டர் சொன்னா நோயாளி கஞ்சா வெச்சுக்கலாம்."

"அப்ப வேலைக்குப் போற பக்கம்?"

"அங்க ஒண்ணுக்குப் புடிச்சு டெஸ்ட் பண்ணுவாங்க. கஞ்சான்னு வந்தா ஊட்டுக்குப் போன்னுருவாங்க."

"டாக்டர் சொன்னாலுமா மாப்ளே?"

"டாக்டர் சொன்னா போலீஸ் புடிக்காது மாமா. கம்பெனி எதுக்கு உடுது?"

சொல்லிவிட்டு ரசத்துக்குக் குழி கட்டினான். அத்தனை பெரிய தேசத்திலேயே விடை இல்லை என்றால் ஆவாரம்பாளையத்தில் எங்கே இருக்கப் போகிறது? இருந்தாலும் நம் ஊரில் ஒண்ணுக்குப் பிடிக்கிற வேலை இல்லை. நாம் முகம் பார்த்து நடத்துகிறவர்கள். ஒரு வழி பண்ணிவிடலாம் என்று தோன்றியது.

10-2, திங்கள்

வழி பண்ணினேன். காரியத்தைக் கெடுத்தேன்.

ரங்கனுக்கு இனி நிரந்தரமாகப் பேக்கிங், பிரஸ் கூலியே தருகிறேன் என்றேன். மற்றவர்கள் முனகினார்கள். ஒரு நாள் உட்கார வைப்பது சட்டம், மாசக்கணக்கில் உட்கார வைப்பது சட்டமா என்று. இவர்கள் வாயை அடைக்க டீ நேரத்தில் எல்லோரையும் நிறுத்தி உடைத்துச் சொன்னேன். அது மருந்து, அதில் கஞ்சா இருக்கிறது, டாக்டருக்கும் தெரியும், ஒளிவுமறைவு இல்லை என்று. உண்மையைச் சொன்னால் வாய் அடங்கும் என்று கணக்குப் போட்டேன்.

முருகேசன்: "அண்ணா, எனக்கும் அந்த வைத்தியர் அட்ரஸ் குடுங்ணா. திங்கக்கெழமைக்கு மட்டும் போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். ரங்கனும் சிரித்தான். பிறகு சாயங்காலம் வரை கட்டின பெட்டியையே அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

12-2, புதன்

எர்த் ஒயர் ஆள் வந்தான். வேலை சுத்தம்.

டீக்கடைக்காரன் என்னிடமே கேட்கிறான்: "கஞ்சா ரங்கன் இன்னிக்கு வரலீங்களா?"

14-2, வெள்ளி

ரங்கன் கை காட்டினான். எல்லோருக்கும் முன்னால் வந்து, இரண்டு கையையும் விரித்து.

"லேகியத்த உட்டுப்போட்டனுங்ணா. செரிங்களா?"

கை ஆடவில்லை. "செரி" என்றேன். வேறு என்ன சொல்ல?

மத்தியானத்துக்குள் பிசிறில்லாத தகடு அடுக்கடுக்காக வந்து விழுந்தது. நின்றிருந்த ஆர்டர் நகர்ந்தது. உள்ளதை எழுதுகிறேன், சந்தோஷப்பட்டேன். நல்லெண்ணெய்கூட ஞாபகமாக வாங்கிப் போனேன்.

18-2, செவ்வாய்

கேரியர் திறக்காமலே திரும்பிப் போகிறது. ஷெட்டுக்குப் பின்னால் ஓங்கரிக்கிற சத்தம். பிறகு வாய் கொப்பளித்துவிட்டு வந்து பெடலில் கால் வைக்கிறான்.

"பேக்கிங்குக்குப் போடா."

"கை செரின்னு நீங்கதானுங்ணா சொன்னீங்க?"

"லேகியத்தத் தின்னு தொலை. யாரு என்ன சொன்னா உனக்கென்ன?"

"தின்னா கை காட்ட முடியாதுங்களே."

சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்து நிற்கிறான். இந்தச் சட்டத்தை நான் விரலுக்காகப் போட்டேன். குடலைப் பற்றி யோசிக்கவில்லை.

20-2, வியாழன்

வெயில் கொளுத்துகிறது, மாசியிலேயே. காலையில் ரங்கன் சம்சாரம் சரஸ்வதி வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"ஏனுங்ணா, அவர வேலைய உட்டு நிறுத்திப்போடுங்க."

"என்ன அம்மணி சொல்றே?"

"வேல இருக்கற மட்டும் லேகியத்தத் தொட மாட்டேங்கறாருங்க. கை காட்டோணும், கை காட்டோணும்னு அதே பேச்சு. ஒரு வாய் சோறு எறங்கறதில்லீங்க. கால்ல உழுந்து பாத்துட்டேன். நீங்க போன்னு சொல்லிப்போட்டா அப்பறம் திம்பாருங்க."

"குடும்பம்?"

"நான் மில்லுக்குப் போறனுங்க."

"கூலியை வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன்."

"அய்யோ வேண்டாமுங்க. அது தெரிஞ்சா மறுக்காவும் வந்து கை காட்டுவாருங்க."

வேலை கேட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். நிறுத்தச் சொல்லி வந்தவள் இவள் ஒருத்திதான். என் வீட்டுக்காரி காபி கொண்டுவந்தாள். ஆறிப்போனது.

21-2, வெள்ளி

சொல்லிவிட்டேன். ஆர்டர் இல்லை, கொஞ்ச நாள் வர வேண்டாம் என்று. எனக்குப் பின்னால் வெட்டாத தகடு கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது. அதை ஒரு பார்வை பார்த்தான்.

"செரிங்ணா."

டையைத் துடைத்தான். எண்ணெய் விட்டான். பிரஸ்ஸின் மேல் சாக்கைப் போர்த்திவிட்டுப் போனான்.

வியாபாரத்தில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். எல்லாம் நம்புகிற மாதிரி சொன்னது.

24-2, திங்கள்

முருகேசன் கை காட்டினான். திங்கட்கிழமை! அதிசயம். பிசிறுக்குக் குறைவில்லை.

வீட்டுக்கு வந்தால் நல்ல செய்தி. சரஸ்வதி வந்து போயிருக்கிறாள். லேகியம் ஆரம்பித்துவிட்டானாம், இரண்டு வேளை சாப்பிடுகிறானாம். கணபதிப் பக்கம் எங்கேயோ வாட்ச்மேன் வேலையாம், உட்கார்ந்த இடத்தில் இருப்பதுதானாம். என் வீட்டுக்காரி கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் புண்ணியம்" என்றாளாம்.

நன்றாகத் தூங்கலாம் இன்று.

26-2, புதன்

முருகேசனிடம் சும்மா சொன்னேன், ரங்கன் வாட்ச்மேனாக இருக்கிறானாம் என்று.

"வாட்ச்மேனா? ஆருங்ணா சொன்னது? கணபதியில பிரஸ் ஓட்டறாருங்க. அங்க கையாவது காலாவது, ஒருத்தனும் பாக்கறதில்ல. நேத்து எங்கூட உக்காந்து புரோட்டா அடிச்சாரு. லேகியம் வேலை செய்யுதுங்ணா."

மத்தியானம் கேரியரைத் திறக்காமலே மூலையில் வைத்தேன்.

யாரிடம் சொல்வது? அந்த ஷெட் ஓனர் பழக்கம்தான், போன் நம்பர் இருக்கிறது. சொன்னால் நிறுத்திவிடுவார். ரங்கன் மறுபடியும் லேகியத்தை விட்டுவிட்டு என் வாசலில் வந்து இரண்டு கையையும் விரிப்பான். சரஸ்வதியிடம் சொன்னால் அவள் போய் அழுவாள், அவன் கேட்க மாட்டான். சொல்லாவிட்டால்

வேண்டாம், எழுதவில்லை.

போனை எடுத்தேன். வைத்தேன்.

27-2, வியாழன்

பெல்ட் வாங்குகிற சாக்கில் கணபதி. ஷெட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவனே வந்தான், டீக்கு.

"ஏனுங்ணா, இந்தப் பக்கம்?"

"பெல்ட்டு."

கன்னம் தேறியிருக்கிறது. சட்டை உடம்பில் நிற்கிறது. ஒரு பன் வாங்கிப் பிய்த்து டீயில் நனைத்துத் தின்றான், இன்னொன்றும் வாங்கினான். தின்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"ரங்கா, காலைல எவ்வளவு தின்னே?"

"பன்னுங்களா?"

"லேகியம்."

டம்ளரைக் கீழே வைத்தான். சிரித்தான். "அத இங்க ஆரும் கேக்கறதில்லீங்ணா."

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "வாரனுங்ணா, வீலு ஓடிட்டிருக்குது." போய்விட்டான்.

உள்ளே பிரஸ்ஸின் அடி விழ ஆரம்பித்தது. அவன் அடிதான், ஒரே சீராக, எனக்குத் தெரியாததா? நடுவில் ஒருமுறை நின்றது. எழுந்து ரோட்டைப் பாதி தாண்டிவிட்டேன். மறுபடியும் அடித்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.