சிரித்துக்கொண்டு சொன்னீர்கள்

அக்கா,

என் மேசைமேல் ஒரு படிவம் மூன்று வாரமாகக் கிடக்கிறது. களப்பணிக்குப் போகும் மாணவிகள், பேட்டி கொடுக்கிற பெண்ணிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டிய ஒப்புதல் படிவம். 'தங்கள் பெயர் எங்கும் வெளியிடப்பட மாட்டாது' என்று அதில் ஒரு வரி வரும். வகுப்பில் பழகிப் பார்ப்பதற்காக ஆளுக்கு ஒன்று கொடுத்து, ஏதாவது ஒரு பெயரைப் போட்டு நிரப்பச் சொல்லியிருந்தேன். எல்லோரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் பெயரைப் போட்டிருந்தார்கள். கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி மட்டும் தன் அம்மாவின் பெயரைப் போட்டிருந்தாள். ஊர் கிள்ளை. தொழில் எறா உரித்தல்.

உங்கள் பெயர், அக்கா.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவளை நிறுத்தி வைத்தேன். "இது யாரும்மா?" என்று தெரியாதவள் போலக் கேட்டேன்.

"எங்கம்மா மேடம். இப்ப இல்ல. போன வருஷம் மாசியில காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில சேத்தோம். நாலே நாளு."

நீங்கள் போய்ச் சேர்ந்ததை உங்கள் மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் சிதம்பரத்துக்கு பஸ்ஸில் வந்து போகிறவள் நான். அங்கிருந்து கிள்ளைக்கு இன்னொரு பஸ் ஏறினால் அரை மணி நேரம்கூட ஆகாது. ஏறவில்லை. பல வருடங்களாக ஏறவே இல்லை.

நான் படிவத்தையே பார்த்துக்கொண்டிருக்க, அவளே தொடர்ந்தாள். "நீங்க எங்க வீட்டுக்கு வந்திருக்கீங்க மேடம். செவப்பு பை ஒண்ணு வெச்சிருப்பீங்க. அட்மிஷன் அன்னிக்கே உங்களத் தெரிஞ்சிடுச்சி. கேக்கலாமா வேணாமான்னு இருந்தேன்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நான் மூணாவது படிக்கும்போது அப்பா நாலு மாசம் வீட்டுக்கு வரல. நீங்க வந்துட்டுப் போன அப்புறம்தான் அது. ஏன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

எனக்குத் தெரியும். அவளிடம் திங்கட்கிழமை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஆசிரியர் அறைக்கு வந்து தண்ணீர் குடித்தேன். பேருந்தில் வீட்டுக்குத் திரும்பும்போது ஆலப்பாக்கம் எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை.

முதன்முதலாக உங்களைப் பார்த்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. எம்.ஏ. மகளிரியல் இரண்டாம் ஆண்டு. "மகளிரியல்னா தையல், சமையல் எல்லாம் சொல்லிக் குடுப்பாங்களா?" என்று அப்பா கேட்ட படிப்பு. உழைக்கும் பெண்களின் உடல்நலம் பற்றி ஆய்வேடு எழுத வேண்டும். கிள்ளையில் இறால் உரிக்கும் ஷெட் இருக்கிறது என்று யாரோ சொல்ல, ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு வந்து நின்றேன். ஐஸ் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தீர்கள். மற்றவர்கள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். நீங்கள் மட்டும்தான் பேச்சுக் கொடுத்தீர்கள்.

"என்னா படிக்கற?"

"பெண்களைப் பத்தி, அக்கா."

"அதுக்கு எதுக்கு பஸ் ஏறி வந்த? உங்க வூட்ல பொம்பளைங்க இல்லையா?"

தொட்டியைச் சுற்றி ஒரே சிரிப்பு. எனக்கு முகம் சிவந்துவிட்டது. அதைப் பார்த்துதான் இரக்கப்பட்டு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னீர்கள் என்று நினைக்கிறேன். இடது கை சுண்டுவிரல் மடங்காமல் நீட்டிக்கொண்டிருக்க, மற்ற விரல்கள் தலையைக் கிள்ளி, தோலை உரித்து, நரம்பை இழுத்து எறிந்தன. ஒரு இறாலுக்கு மூன்று நொடிகூட ஆகவில்லை. சுண்டுவிரல் ஏன் மடங்காது என்று கேட்டேன். "ஐஸ்ல வெறைச்சிப் போயி அப்படியே நின்னுடுச்சி. அது மட்டும் வேலைக்கு வராது. மகாராணி," என்றீர்கள்.

ஐந்து முறை வந்தேன், அதில் இரண்டு முறை உங்கள் வீட்டுக்கும். நான்காம் முறை, ஷெட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் சாப்பாட்டு நேரத்தில் அதைச் சொன்னீர்கள். ரெக்கார்டர் நம் இருவருக்கும் நடுவில் சிவப்பு விளக்கோடு இருந்தது.

இரண்டாவது பெண்ணை வயிற்றில் வைத்துக்கொண்டு முதுநகரில் உங்கள் அம்மா வீட்டுக்குப் போனது. கடலூர் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத்தான் குழந்தையை எடுக்க வேண்டும் என்றது. அப்படியே குடும்பக் கட்டுப்பாடும் செய்துவிடுங்கள் என்று நீங்கள் நர்ஸிடம் சொன்னது. உங்கள் அம்மா அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டது. கிள்ளைக்குத் திரும்பி, வயிற்றுத் தையலுக்குப் பிரசவத்தை மட்டும் காரணமாகச் சொன்னது. உங்கள் கணவருக்கு ஒன்றும் தெரியாது. பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுக்குள் வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றிப் போகிற மனிதர். பேரன் வேண்டும் என்று உங்கள் மாமியார் ஐந்து வருடமாகக் கோயில் கோயிலாகக் கூட்டிப் போகிறார், கஷாயம் காய்ச்சித் தருகிறார், நீங்களும் குடிக்கிறீர்கள்.

"அந்தக் கசாயம் என்னா கசப்புத் தெரியுமா? நானும் கண்ண மூடிக்கினு மடக்கு மடக்குன்னு குடிச்சிட்டு, அடுத்த மாசம் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு உக்காந்துப்பேன். அவுங்க எனக்கு ஆறுதல் சொல்லுவாங்க."

அதன் பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்ப அவருக்கு ரெண்டாவது பாக்கலாம்னு பேச்சு ஓடுது," என்றீர்கள்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆய்வேட்டுக்கு ஒரு அத்தியாயம் கிடைத்துவிட்டது என்று தோன்றியது. பஸ்ஸில் போகும்போது ரெக்கார்டர் சரியாகப் பதிவு செய்திருக்கிறதா என்று இரண்டு தரம் போட்டுக் கேட்டேன்.

பெயரை மாற்றினேன். மற்ற எதையும் மாற்றவில்லை. முதுநகரில் பிறந்தது, கிள்ளையில் வாழ்க்கைப்பட்டது, படகோட்டும் கணவர், இரண்டு பெண் குழந்தைகள், மடங்காத சுண்டுவிரல் எல்லாம் அப்படியே இருந்தன. அத்தனையும் இருந்தால்தான் எழுத்து உயிரோடு இருக்கும் என்று நம்பினேன். வாய்மொழித் தேர்வில் அந்த அத்தியாயத்தைத்தான் பாராட்டினார்கள்.

ஆய்வேடு துறை நூலகத்துக்குப் போன இரண்டாம் வாரம், ஒரு ஜூனியர் பெண் வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டாள். அவளும் கிள்ளைக்காரி என்பது எனக்கு அதுவரை தெரியாது. "உங்க ப்ராஜக்ட்ட மாடலுக்குப் பாத்துட்டிருந்தேன். அந்த வெரலு மடங்காத அக்கா எங்க பின்தெருதானே? அவுங்க ஆபரேஷன் பண்ணிக்கினாங்களா?" சாதாரணமாகத்தான் கேட்டாள். அது நீங்கள் இல்லை என்று பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை என்று அவள் கண்ணிலேயே தெரிந்தது.

மூன்று நாள் துறை அலுவலகத்துக்கு நடந்தேன். ஒப்படைத்த பிரதியைத் திரும்பப் பெற முடியுமா என்று விசாரித்தேன். முடியாது என்றார்கள். நான்காம் நாள் நூலகத்தில் தனியாக உட்கார்ந்து, பென்சில் சீவும் பிளேடால் என் ஆய்வேட்டிலிருந்து நான்கு தாள்களை அறுத்து எடுத்தேன். இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. பெண்களின் குரலை ஆவணப்படுத்த வேண்டும் என்று முன்னுரையில் எழுதியவள், அந்தக் குரலையே பிளேடால் அறுத்து ரவிக்கைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்று மதியமே கிள்ளைக்கு வந்தேன். வேப்பமரத்தடியில் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் திட்டுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "படி, கேக்கறேன்," என்றீர்கள்.

படித்தேன். நான்கு தாளையும். முடித்ததும், "நான் இவ்ளோ வருத்தமாவா சொன்னேன்?" என்றீர்கள்.

நான் மறுபடி தாளைப் பார்த்தேன்.

"நான் சிரிச்சிக்கினுதானே சொன்னேன். இதுல இருக்கறவ யாரோ அழுமூஞ்சி. பாவம்னு பாக்கறாப்பல எழுதி வெச்சிருக்க. பேரு என்னா வெச்ச?"

சொன்னேன். "அந்தப் பேரும் நல்லா இல்ல," என்று தாள்களை வாங்கி, சுக்குநூறாகக் கிழித்து, இறால் தோல் கொட்டும் கூடையில் போட்டீர்கள். பிறகுதான் உங்கள் முகம் மாறியது. அந்த ஜூனியர் பெண்ணின் பெயரைக் கேட்டீர்கள். சொன்னதும் கூடையைக் காலால் ஓரமாகத் தள்ளினீர்கள். "அவ அம்மாவுக்கும் எங்க மாமியாருக்கும் ஒரே கோயில் குழு. யாரோ ஒருத்தி சொல்லி அவருக்குத் தெரியறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்," என்றீர்கள். "நீ கெளம்பு."

அன்று மாலை அவரிடம் நீங்கள் சொன்னீர்கள். அவர் சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை. துணியை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போய்விட்டார். நான்கு மாதம் வரவில்லை. அந்த நாட்களில் நான் மஞ்சக்குப்பத்து வீட்டில் உட்கார்ந்து வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன். எந்தச் செய்தியும் கேட்கத் துணிவில்லை. மாமியார் உங்களை வெளியே அனுப்பிவிட்டார்களோ, அவருக்கு இன்னொரு கல்யாணம் ஆகிவிட்டதோ, அந்த இரண்டு பிள்ளைகள் எங்கே இருக்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டே தூங்கப்போவேன்.

அவர் போனதையும் திரும்பி வந்ததையும் பிறகு அந்த ஜூனியர் பெண்தான் சொன்னாள். தன் தாயிடம் அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லையாம். இரண்டாம் கல்யாணப் பேச்சை மட்டும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம்.

சரி, திங்கட்கிழமைக்கு வருகிறேன். உங்கள் மகள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாள் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "ஏன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா அது உங்கம்மா எங்கிட்ட சொன்னது. உங்கிட்ட சொல்லலாமான்னு அவுங்களக் கேக்கற வாய்ப்ப நான் விட்டுட்டேன். அப்பா இருக்காரு. அவர்கிட்ட கேளு," என்றேன். எழுந்து போகப் போனாள். என்னால் அதோடு விட முடியவில்லை. "ஒண்ணு மட்டும் நான் சொல்லணும். அப்பா அந்த நாலு மாசம் வராததுக்கு நானும் காரணம். உங்கம்மா சொன்ன ஒரு விஷயத்த, ஆள் யாருன்னு தெரியறாப்பல எழுதிட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த மூன்று நாள் வகுப்புக்கு வரவில்லை. அந்த மூன்று நாளும் பாடம் நடத்தும்போது என் கண் கதவிலேயே இருந்தது. படிப்பை விட்டுவிட்டாளோ, அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் இன்னொரு தீயை வைத்துவிட்டேனோ என்று வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராகக் குறி போட முடியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை வந்தாள். மதிய இடைவேளையில் என்னிடம் நேராக வந்து நின்றாள்.

"அப்பாகிட்ட கேட்டேன் மேடம். மொதல்ல பேசல. அப்புறம் அம்மா ஆபரேஷன் பண்ணிக்கினதச் சொன்னாரு. 'எங்கிட்ட கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பேன்னு இப்ப சொல்றது ஈஸி. அப்ப சொல்லியிருக்க மாட்டேன். உங்கம்மாவுக்கு அது தெரிஞ்சிருக்கு'ன்னாரு."

நான் தலையை ஆட்டினேன்.

"ஆயாகூட கோயில் கோயிலாப் போறத நான் சின்ன வயசுல பாத்திருக்கேன் மேடம். எனக்குத் தம்பி வேணும்னுதான் அம்மா வேண்டிக்குதுன்னு நெனச்சேன். எங்க ரெண்டு பேரால அம்மாவுக்குக் குறைன்னு நெனச்சேன்." துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டாள். "நாங்க ரெண்டு பேரும் போதும்னு அம்மா நெனச்சிருக்கு."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "இத நான் ப்ராஜக்ட்டா எழுதலாமா மேடம்? அம்மா பேரப் போட்டு."

அப்பா சம்மதிப்பாரா, தங்கை என்ன சொல்வாள், கிள்ளையில் தெரிந்தவர்கள் என்ன பேசுவார்கள் என்று கேட்டேன். எல்லாரிடமும் கேட்டுவிட்டு வருகிறேன் என்றாள். எழுதினால் ஒவ்வொரு பக்கத்தையும் அவர்களிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் என்னிடம் கொடுக்க வேண்டும் என்றேன். சரி என்றாள். இன்று விடுதியிலிருந்து கிள்ளைக்குப் போயிருக்கிறாள், அப்பாவும் தங்கையும் ஒன்றாக வீட்டில் இருக்கிற நாள் என்று. இன்னும் ஃபோன் வரவில்லை.

உங்களைக் கடைசியாகப் பார்த்தது கிள்ளை பஸ் நிறுத்தத்தில். உங்கள் கணவர் திரும்பி வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மன்னிப்புக் கேட்க வந்திருந்தேன். நீங்கள் வேலைக்குப் போகிற அவசரத்தில் இருந்தீர்கள். நான் ஆரம்பித்ததுமே நிறுத்திவிட்டு, "நீ எழுதலன்னா நான் அவருகிட்ட சொல்லியிருக்கவே மாட்டேன்," என்றீர்கள். அதற்குள் பஸ் வந்து நின்றது. கூட்டம் என்னை ஏற்றிவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது நீங்கள் ஷெட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தீர்கள். முதுகுதான் தெரிந்தது.

நன்றியாகச் சொன்னீர்களா, என்மேல் உள்ள கோபத்தைச் சொன்னீர்களா, அக்கா? ரெக்கார்டர் அன்று என்னிடம் இல்லை. இத்தனை வருடமாக அந்த ஒரு வரியை எல்லாக் குரலிலும் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒரு நாள் ஒரு மாதிரி கேட்கிறது, மறுநாள் வேறு மாதிரி. எது உங்கள் குரல் என்று தெரியாமல்தான் தினமும் வகுப்புக்குள் போகிறேன்.