ஜீப் ஓடாத ஞாயிறுகள்

மார்ச் 9, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்ததும் சுவாமி நாலு பக்கமும் தீர்த்தம் தெளித்து ஜீப்பை ஆசீர்வதித்தார். ஜீப் என்பது நாங்கள் சொல்வது. உண்மையில் கொஞ்சம் உயரமாக வளர்ந்த கார். ஜப்பானில் யாரோ ஓட்டிக் களைத்தது. ஆனாலும் துடைத்துவிட்டால் புதுசுபோல் நிற்கிறது. படம் எடுத்து மூதூருக்கு, அஞ்சலினா அக்காவுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தாள்.

"இனிச் சாட்டுச் சொல்ல ஏலாது தம்பி. ஜீப்பைக் கொண்டு வா. ஒழுங்கை முழுக்கச் சொல்லிப்போட்டன்."

மார்ச் 16, ஞாயிறு

மூதூருக்குப் போகும் வழியில், கிண்ணியாப் பாலத்தின் நடுவில் ஜீப் நின்றுவிட்டது. பின்னால் லொறிகள் ஹோர்ன் அடிக்க, என் மனைவி நிலுஷா பூசைக்குக் கட்டிய சேலையோடு இறங்கித் தள்ளினாள். கிண்ணியா கராஜிலிருந்து நஸ்ரி வந்து கட்டி இழுத்துப்போனார். "கியர் பெட்டி, அண்ணன். சாமான் கொழும்புல இருந்து வரணும்."

அக்காவிடம் என்ன சொல்வது? போன கிழமைதான் அவ்வளவு பெருமை அடித்தேன். "கப்பல் வந்திட்டுது அக்கா, டியூட்டி" என்றேன். துறைமுகத்தில் வேலை செய்வதில் இந்த ஒரு வசதி.

நிலுஷா என்னைப் பார்த்தாள்.

ஏப்ரல் 2

சாமான் பூட்டியாயிற்று. ஓடுகிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஜீப் மறுபடி நின்றுவிட்டது; வீட்டிலிருந்து உப்புவெளிச் சந்தியைக்கூடத் தாண்டவில்லை. திரும்பவும் கப்பல் என்றேன். அக்கா, "எனக்கும் உடம்புக்கு ஏலாமல்தான் கிடக்கு. வசதிப்படேக்க வா" என்றாள்.

ஏப்ரல் 23, புதன்

அக்காவின் கணவர், பஸ்தியாம்பிள்ளை அத்தான் அழைத்தார். அக்காவுக்கு வயிற்றில் கட்டி. இனி வைத்தியம் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். "உன்னைத்தான் கேட்கிறாள்."

நிலுஷா, "வாங்கோ, இப்பவே பஸ்ஸில போவம்" என்றாள். ஒழுங்கைச் சனமே ஜீப்பைப் பார்க்கக் காத்திருக்கிறது. நான் பஸ்ஸில் போய் இறங்குவதா? சொன்ன பொய்களை எங்கே வைப்பது? சனிக்கிழமை வண்டி தயார் என்கிறார் நஸ்ரி. மூன்று நாள்தானே.

ஏப்ரல் 25, வெள்ளி

அக்கா போய்விட்டாள். விடிய ஆறு மணிக்கு.

என்ன செய்துபோட்டன் — மூண்டு நாள்தானே எண்டு என்ர கையாலயே எழுதி வைச்சிருக்கிறன். மனுசனா நான்?

ஏப்ரல் 26, சனி

அடக்கம் முடிந்தது. வாடகை வான் வண்டியில் போனோம். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற அயல்வீட்டு றுக்கியா, "கப்பல் வேலை முடிஞ்சுதா தம்பி?" என்று கேட்டார். குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

திரும்பி வரும்போது நஸ்ரி அழைத்தார். ஜீப் ஓடுதாம்.

மே 25, ஞாயிறு

அக்காவின் முப்பத்தோராம் நாள் பூசை. ஜீப் ஒரு மாதமாகக் குறை சொல்ல இடமில்லாமல் ஓடுகிறது. அதை வளவில் விட்டுவிட்டு பஸ்ஸில் போனோம்.

குசினி வாசலில் வைத்து அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கப்பல் ஒன்றும் வரவில்லை, வண்டிதான் பழுது, வெட்கத்தில் மறைத்தேன் என்று. அத்தான் வாசல்நிலையில் சாய்ந்துகொண்டு சொன்னார்:

"அவள் வேற மாதிரி நினைச்சவள். தம்பிக்கு வசதி வந்திட்டுது, இனி எங்கட வாசல் பிடிக்காது எண்டு. கடைசிமட்டும் அப்பிடித்தான் நினைச்சவள்."

பிறகு, "பஸ்ஸில வந்திருக்கலாமே ராசா" என்றார்.

ஓம். ஒன்றேகால் மணித்தியாலம்தான். யன்னலோரத்தில் இருக்க இடமும் கிடைத்தது.