ஐந்து மணி மிஸ்டு கால்

சேலையூர்,
12.6.2024

இயேசுவுக்குள் என் பிரியத்துக்குரிய ஜெரூஷா அக்காவுக்கு, ரோஸி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள் போல. அதனால்தான் பள்ளிக்கூடத்தோடு விட்டுப்போன கடிதப் பழக்கம் திரும்ப வந்திருக்கிறது. பதினொரு வருஷமாக விடியற்காலை ஐந்து மணிக்கு உங்கள் மிஸ்டு கால் வரும். நான் திருப்பிக் கூப்பிடுவேன். நீங்கள் ஜெபிப்பீர்கள், நான் ஆமென் சொல்வேன். எனக்கு ஆபரேஷன் நடந்த அன்றைக்குக்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் போன் அடித்தது. இப்போது பத்து நாளாக அடிக்கவில்லை. தனியாக முழங்காலில் நின்று பார்த்தேன். இரண்டு வாக்கியத்துக்கு மேல் வார்த்தை வரவில்லை, அக்கா. பால் பொங்குகிறதா என்று காது சமையலறைக்குப் போய்விடுகிறது.

நான் தப்பு செய்திருந்தால் திட்டிவிடுங்கள். பேசாமல் இருந்து கொல்லாதீர்கள். உங்கள் பென்னி எப்படி இருக்கிறான்?

உங்கள் தங்கை,
ரோஸி

அனகாபுத்தூர்,
19.6.2024

ரோஸிக்கு,

திட்டச் சொன்னாய். கேட்டுக்கொள்.

என் மகன் குடிக்கிறான் என்பதை உன் ஒருத்தியிடம்தான் சொன்னேன். அதுவும் ஜெபத்தில். அதைக் கொண்டுபோய் உங்கள் சபை உபவாசக் கூட்டத்தில் ஜெபக் குறிப்பாகக் கொடுத்திருக்கிறாய். பேர் சொல்லவில்லையாம். அனகாபுத்தூர் சகோதரி, விதவை, ஒரே பையன், ஏசி மெக்கானிக். ஆதார் நம்பர் ஒன்றுதான் பாக்கி.

கூட்டம் நடத்துகிற அருள்மேரிக்குத் தெரியாதா? அவள் வீட்டு ஏசியை சர்வீஸ் செய்தவனே பென்னிதானே. அவன் குடியை விட்டு நூற்றுப் பதினான்கு நாள் ஆகியிருந்தது. தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில், கூட வேலை செய்கிறவர்கள் பார்க்க, அவன் தலையில் கை வைத்து, “குடிய விட்டுட்டியாப்பா? உனக்காகத்தான் நாங்கல்லாம் உபவாசம் இருக்கோம்” என்றாளாம். அன்று சாயங்காலமே குடித்துவிட்டு வந்தான். “இன்னாம்மா, என் கதைய மைக் வெச்சு சொல்லிக்கினு கீறியா?” என்று கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனான். இன்னும் வரவில்லை.

எனக்கும் ஜெபம் நின்றுபோயிற்று. கண்ணை மூடினால் நீ ஆமென் சொல்லும் குரல்தான் கேட்கிறது.

ஜெரூஷா

சேலையூர்,
24.6.2024

அக்கா,

உங்கள் கடிதம் வந்தது. நாற்பது பேர் சேர்ந்து கேட்டால் பென்னிக்குச் சீக்கிரம் விடுதலை கிடைக்கும் என்றுதான் நினைத்தேன். அது பாதி உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். “வேற குறிப்பு இருக்கா?” என்று அருள்மேரி அக்கா கேட்டபோது ஆளுக்கொன்று சொன்னார்கள். என்னிடம் ஒன்றுமே இல்லை, உங்களுடையதைத் தவிர. சொன்னதும் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது, அக்கா. வெட்கமாக இருக்கிறது.

மூன்று நாளாகத் தாம்பரம் முழுக்க அவனைத் தேடினேன். கிடைக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள்.

ரோஸி

அனகாபுத்தூர்,
2.9.2024

ரோஸி,

பென்னி ஒரு தடவை போன் செய்தான். ஓசூரில் இருக்கிறானாம். குரலிலேயே தெரிந்தது, குடித்திருந்தான்.

நீ கேட்ட வரியை எழுத எத்தனையோ தரம் உட்கார்ந்தேன். ஐந்து மணிக்கு இப்போது மறுபடி எழுந்திருக்கிறேன். சொந்தமாக ஜெபிக்க வாய் வருவதில்லை. பரமண்டல ஜெபம் மட்டும் சொல்கிறேன். அன்றாட ஆகாரம் கேட்கிற வரைக்கும் நன்றாகத்தான் போகிறது. அடுத்தது, ‘எங்களுக்கு விரோதமாகக் குற்றம் செய்கிறவர்களுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல’ என்கிற இடம். அங்கே நின்றுவிடுகிறேன். உன்னிடம் பொய் எழுதிவிடலாம், அவரிடம் எப்படிச் சொல்வது? எழுந்துபோய் அடுப்பைப் பற்ற வைக்கிறேன். மூன்று மாதமாக என் ஜெபத்துக்கு ஆமென் இல்லை.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் நீ கூப்பிடாதே. அந்த வரியைத் தாண்டுகிற அன்றைக்கு நானே மிஸ்டு கால் கொடுக்கிறேன்.

இன்றைக்கும் தாண்டவில்லை.

ஜெரூஷா அக்கா