கம்பு கீழே விழுந்ததற்கான விளக்கமும், 'ஒரு வெள்ளி, ஒரு சீருடை' விதி மீதான புகாரும்

அனுப்புநர்:
வெர்னன் ஹோலெக் (வயது 67),
எடைமேடைப் பொறுப்பாளர், தானியக் கூட்டுறவுச் சங்கம்,
முன்கம்பு பிடிப்பவர், பள்ளி ஃபுட்பால் சங்கிலிக் குழு (2002 முதல்),
கெட்டில் ஃபோர்க், நெப்ராஸ்கா.

பெறுநர்:
உயர்திரு. லோர்னா ஹேவர்கேம்ப் அவர்கள்,
பள்ளிக் கண்காணிப்பாளர்,
கெட்டில் ஃபோர்க் ஒன்றியப் பள்ளிகள்.

பொருள்: 11.10.2024 வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் சங்கிலிக் கம்பைக் கைவிட்டது – விளக்கம் அளித்தல் – நம் அணியின் குவார்ட்டர்பேக் எறியும் பந்தைப் பிடிக்கக் கை இல்லாதது – புகார் – விதி எண் 17-ஐ எழுதியபடியே படிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 14.10.2024.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. 'நடுநிலை வகிக்க வேண்டிய சங்கிலிக் குழுவினர் ஒருவர், ஆட்டத்தின் நடுவே கம்பைக் கீழே போட்டு, இரு கைகளையும் தலைக்கு மேல் தட்டி, உரக்கக் கத்தியது' பற்றி அதில் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தில் உள்ளது முழுவதும் உண்மை. ஒரே ஒரு திருத்தம்: நான் இரண்டு முறை கத்தினேன்.

1. நான் பகலில் தானிய லாரிகளை நிறுப்பவன், வெள்ளிக்கிழமை மாலையில் மைதானத்தின் ஓரத்தில் ஆடும் அணி பந்தைப் பத்து கெஜம் முன்னே கொண்டுபோயிற்றா என்று அளக்கும் சங்கிலியின் முன்கம்பைப் பிடிப்பவன். அளப்பதும் நிறுப்பதுமே என் பிழைப்பு. சங்கிலிக்காரன் கைதட்டக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது, எந்த அணிக்காகவும் வாய் திறக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடங்கள் வாயைத் திறக்கவில்லை. என் சொந்தத் தங்கை மகன் கால் முறிந்து விழுந்தபோதுகூட, நடுவர் விசில் ஊதும்வரை கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அதற்காக என் தங்கை இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை.

2. மைதானத்துக்கு அவ்வளவு அருகில் நிற்பவனுக்கு, மேலே பலகையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேட்காதது கேட்கும். நம் குவார்ட்டர்பேக் ட்ரெண்ட் புரோக்கோப்புக்குப் பதினாறு வயது. ஓடிப் பிடிப்பவர்களுக்குப் பந்தைக் கையால் எறிய வேண்டியவன் அவன்தான். நன்றாகவும் எறிகிறான். இந்தப் பருவத்தின் ஏழு ஆட்டங்களில் 118 முறை எறிந்திருக்கிறான். பிடிபட்டது 39. அவனே தவறாக எறிந்ததும் எதிரணி தட்டிவிட்டதும் 32. மீதி 47 பந்துகள் நம் பிள்ளைகளின் கையில் பட்டுக் கீழே விழுந்தவை. எடைச் சீட்டுகளின் பின்புறத்தில் குறித்து வைத்திருக்கிறேன். என் கணக்கில் இதுவரை ஒரு லாரிகூடப் பிசகியதில்லை.

3. அந்த நாற்பத்தேழு முறையும் அந்தப் பையன் சொன்னது ஒன்றுதான். பந்தைத் தவறவிட்டவனின் முதுகில் தட்டி, "நான்தான்டா கொஞ்சம் ஓங்கி எறிஞ்சிட்டேன், விடு" என்பான். ஓங்கி எறியவில்லை அம்மையீர். பக்கத்தில் நின்று பார்த்தவன் சொல்கிறேன், பஞ்சுத் தலையணை மாதிரி வந்து விழுந்த பந்துகள் அவை. தன் மேல் இல்லாத தப்பை ஒரு பிள்ளை நாற்பத்தேழு முறை தன் தலையில் போட்டுக்கொள்வதை, வாயை மூடிக்கொண்டு கேட்க என்னால் முடியவில்லை.

4. பந்து பிடிக்க ஓடும் பார்ட்டெக் சகோதரர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. தங்கமான பிள்ளைகள். பனிக்காலத்தில் கேட்காமலே வந்து என் வாசலில் கிடக்கும் பனியை வாரிப் போட்டுவிட்டுப் போகிறவர்கள். மல்யுத்தத்தில் மாவட்டத்தையே புரட்டிப் போட்டவர்கள். பிடித்தால் ஆளைப் பிடிப்பார்கள். பந்து அவர்களுக்குப் பிடிபடாது. பயிற்சியாளர் ஸ்டானெக்கிடம் இது பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே தருகிறேன்: "எங்கிட்ட இருக்கறது மொத்தமே பதினாலு பேரு, வெர்ன். அதுல ரெண்டு பேருக்கு ரெண்டு கையுமே இடது கை. நான் என்ன பண்ணட்டும், வயல்ல நட்டா வளக்க முடியும்?"

5. இதற்கிடையே ட்ரெண்டின் தாயார் மார்சி, தின்பண்டக் கடையில் மிளகாய்க் குழம்பையும் அதற்குத் தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை ரொட்டியையும் எனக்கு எடுத்துக் கொடுத்தபடி சொன்னார்: "எங்க வீட்டுக்காரரு வேலை பாக்குற ஹார்ட்மன் சிட்டிப் பள்ளிக்கூடத்துல பந்து பிடிக்கறதுக்கு மட்டும் ஏழு பேரு வச்சிருக்காங்களாம். இங்க எம்புள்ள எறியறது பூரா புல்லுக்குத்தான் போவுது. கடைசி ஆட்டம் முடியட்டும், அங்கயே சேத்துரலாம்னு இருக்கோம்." ட்ரெண்டிடமும் கேட்டேன். "இங்கயே இருக்கணும்னுதான் சார் ஆசை. ஆனா அம்மா சொல்றதும் சரிதானே," என்றான். அந்தப் பையன் யாருடைய பேச்சையும் மறுக்காதவன் என்பதை மேலே மூன்றாம் பத்தியில் சொல்லியிருக்கிறேன்.

6. இனி, கம்பு விழுந்த விஷயம். இரண்டாம் கால்பகுதி முடிய ஒரு நிமிடம் இருந்தது. ட்ரெண்ட் எங்கள் பக்க ஓரத்தை நோக்கி எறிந்தான். மூத்த பார்ட்டெக் வழுக்கி விழுந்தான். பந்து அவன் தலைக்கு மேலே போய், இடைவேளை அணிவகுப்புக்காக வரிசையில் வந்து நின்ற பேண்டு வாத்தியக் குழுவுக்குள் பாய்ந்தது. அங்கே கார்வின் டீட்ஸ் நின்றிருந்தான். ஆறடி நான்கு அங்குலம். உடம்பைச் சுற்றி ட்யூபா, அந்தப் பெரிய பித்தளை வாத்தியம். இடது கையால் அதைத் தாங்கிக்கொண்டு வலது கையை மட்டும் நீட்டினான். பந்து அந்த உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. அவன் அதை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, ஏதோ தப்புச் செய்தவன் போல, "சாரி சார்" என்றான்.

அப்போதுதான் நான் கம்பை விட்டேன். "அதான்டா கை" என்று கத்தினேன். பிறகு, முதல் முறை சரியாகக் கேட்டிருக்காதோ என்று, இன்னொரு முறை கத்தினேன். கம்பைத் திரும்ப நட்டபோது அது அரை கெஜம் முன்னால் போய்விட்டது. அதனால் நம் அணிதான் அரை கெஜம் கூடுதலாகக் கடக்க வேண்டியதாயிற்று. விருந்தினர் அணி இதற்குப் புகார் கொடுத்திருக்க வேண்டியதில்லை, நன்றிதான் சொல்லியிருக்க வேண்டும்.

7. தங்கள் கடிதம் கிடைத்த மறுநாள், செவ்வாய்க்கிழமை, எடைமேடையை அரை மணி நேரம் முன்பாகப் பூட்டிவிட்டுப் பயிற்சியைப் பார்க்கப் போனேன். அங்கே கார்வின் பந்து பிடித்துக்கொண்டிருந்தான். ஆகஸ்டிலிருந்தே திங்கள் முதல் வியாழன் வரை தவறாமல் வருகிறானாம். வெள்ளிக்கிழமை மட்டும் ட்யூபாவுக்குள் புகுந்துகொள்கிறான். "வாரத்துல நாலு நாளு எனக்கு நல்ல டீம் இருக்கு," என்றார் ஸ்டானெக். "ஆட்டம் வர்றது அஞ்சாவது நாளு."

நான் பார்த்த அரை மணி நேரத்தில் ட்ரெண்ட் அவனுக்கு இருபது பந்து எறிந்தான். பத்தொன்பது பிடிபட்டன. இருபதாவது உண்மையிலேயே ஓங்கி எறிந்தது. தப்பு முழுக்க ட்ரெண்டுடையது. நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ட்ரெண்ட் மன்னிப்புக் கேட்கவில்லை. "கொஞ்சம் எகிறிப் பிடிக்க மாட்டியாடா, கொக்கு மாதிரி நிக்கற?" என்று கத்திவிட்டுச் சிரித்தான். கார்வினும் சிரித்தான். அந்தப் பிள்ளை இன்னொருவனைத் திட்டிக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு மனசு நிறைந்திருந்தது.

8. கார்வின் ஏன் வெள்ளிக்கிழமை ஆடுவதில்லை என்று விசாரித்தேன். விதி எண் 17: 'வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் மாணவர் எவரும் ஒரு சீருடைக்கு மேல் அணியலாகாது.' ஊரில் 'ஒரு வெள்ளி, ஒரு சீருடை' என்பார்கள். ஃபுட்பால் ஆடினால் பேண்டில் வாசிக்க முடியாது. பேண்டில் வாசித்தால் ஆட முடியாது. கார்வினுக்கு ட்யூபாவை விட மனமில்லை. பேண்டு ஆசிரியை திருமதி இம்ஹாஃபும் விடுவதாக இல்லை. "ட்யூபா இல்லாட்டி என் பேண்டு பல்வலிக்காரன் முனகற மாதிரி இருக்கும்," என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

9. இந்த விதியை எழுதிய புத்திசாலி யார் என்று பழைய கோப்பில் தேடிப் பார்த்தேன்.

10. நான்தான்.

11. 1998 அக்டோபரில் பள்ளிக் குழுவுக்குக் கொடுக்கப்பட்ட மனுவின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். முதல் கையெழுத்து என்னுடையது. வாசகமும் என்னுடையது. அந்த வருடம் என் மகள் ஜேனல் பேண்டில் டிரம்பெட் வாசித்தாள். பித்தளை வாத்திய வரிசையில் மற்ற நால்வரும் ஃபுட்பாலும் ஆடியவர்கள்; இடைவேளையில் அவர்கள் ஆட்ட உடையிலேயே ஓய்வறையில் உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் தனியாக அணிவகுத்தாள். வீட்டுக்கு வந்து அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே மனு எழுதி, தெருத் தெருவாகப் போய் எண்பத்தொரு கையெழுத்து வாங்கினேன். தாங்களும் அப்போது அதே பேண்டில் இரண்டாம் வரிசையில் கிளாரினெட் வாசித்தீர்கள். தங்கள் தகப்பனாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார், பன்னிரண்டாவது வரியில் பார்க்கலாம்.

12. நேற்று மாலை ஓமாஹாவில் இருக்கும் ஜேனலைத் தொலைபேசியில் அழைத்து, உனக்காக எழுதிய விதி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் சொன்னாள்: "அப்பா, அன்னிக்கு என் ஷூ கடிச்சுதுப்பா. அதுக்குத்தான் அழுதேன். தனியா வாசிச்சது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. ஊரே என்னை மட்டும் பாத்துச்சுல்ல."

அம்மையீர், இருபத்தாறு வருடங்களாக இந்த ஊர்ப் பிள்ளைகள் ஒரு ஷூ கடித்ததற்காக ஆட்டத்தையோ வாத்தியத்தையோ விட்டுக்கொடுத்து வந்திருக்கிறார்கள். அளந்து பேசுகிறவன் என்று பெயர் வாங்கியவன், என் வீட்டுச் சமையலறையிலேயே அளக்காமல் விட்டுவிட்டேன். இதை எழுதும்போது வெட்கமாகவும் இருக்கிறது, சிரிப்பும் வருகிறது.

13. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டுகிறேன். நான் முதலில் 'ஒரு பணி' என்றுதான் எழுதினேன். இரண்டு சீருடை என்றால் இரண்டு மடங்கு துவைக்க வேண்டும் என்று என் மனைவி டோலரஸ் சொன்னதால், 'பணி'யை அடித்துவிட்டுச் 'சீருடை' என்று போட்டேன். அடித்த கோடு நகலில் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே விதி தடுப்பது இரண்டு சீருடைகளை மட்டுமே. ஃபுட்பால் உடையிலேயே, புல்லும் மண்ணுமாக ஒருவன் இடைவேளையில் ட்யூபாவை மாட்டிக்கொண்டு அணிவகுத்தால், அவன் அணிந்திருப்பது ஒரே சீருடைதான். விதியை எழுதியவன் என்ற முறையில் இதற்கு நானே சாட்சி சொல்லத் தயார்.

14. சம்பந்தப்பட்டவர்களிடம் பேசிவிட்டேன். திருமதி இம்ஹாஃப்: "மண்ணோட வந்தா என்ன, மூச்சோட வந்தாப் போதும்." பயிற்சியாளர் ஸ்டானெக்: "இடைவேளைல நான் பேசறதக் கேட்டு இதுவரைக்கும் ஒருத்தனும் திருந்துனதில்ல. அவன் போயி ஊதட்டும்." கார்வின் சரியென்று தலையாட்டினான். காது சிவந்தது. மார்சி, ஒரு ஆட்டம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். ரொட்டி ஒன்று கூடுதலாகக் கொடுத்தார், அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன்.

15. வரும் 18ஆம் தேதி வெள்ளிக்கிழமை நம் மைதானத்தில் இந்த வருடத்தின் கடைசி ஆட்டம். அதற்குப் பிறகு ட்ரெண்ட் இருப்பதா போவதா என்று அவன் வீட்டார் முடிவு செய்துவிடுவார்கள். நாம் ஜெயிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஏழில் இரண்டு ஜெயித்ததிலேயே ஊர் திருப்தியாகத்தான் இருக்கிறது. எறிகிற பிள்ளைக்கு மறுமுனையில் பிடிக்க ஒரு கை வேண்டும், அவ்வளவே.

எனவே அம்மையீர் அவர்கள், விதி 17-ஐ அதில் எழுதியிருக்கும் சொல்லின்படியே படித்து, நாளை வியாழக்கிழமை நண்பகலுக்குள் கார்வின் டீட்ஸுக்கு ஆட அனுமதி வழங்குமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன். அப்படிப் படிக்க இயலாது என்றால், 1998ஆம் ஆண்டு மனுவிலிருந்து என் கையெழுத்தை நீக்கி, மீதி எண்பது பேரின் விருப்பமாக மட்டும் அதை வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கம்பைக் கைவிட்டதற்கு என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எடுத்தால் இன்னும் நன்றி உடையவனாவேன். அன்றைக்கு கார்வின் கையில் பந்து விழுந்தால், கம்பை இரண்டு கையாலும் பிடித்திருப்பேன் என்று இதன் மூலம் உறுதி அளிக்கிறேன். வாயைப் பற்றி எழுத்தில் எந்த உறுதியும் தர முடியாத நிலையில் இருக்கிறேன்.

இடம்: கெட்டில் ஃபோர்க்
நாள்: 16.10.2024

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,
(ஒப்பம்) வெர்னன் ஹோலெக்

இணைப்பு:
1. எடைச் சீட்டுகள் – 7 (பின்புறம் பார்க்கவும்).
2. 1998ஆம் ஆண்டு மனுவின் நகல் – 1. என் கையெழுத்தை நானே ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறேன். நீங்கள் சம்மதித்தால் கோட்டை அழித்துக்கொள்ளலாம், பென்சிலால்தான் போட்டிருக்கிறேன்.