தகர மேளக்காரனை விற்பது

மார்ச் 4, செவ்வாய்

மழை விட்டது. படி ஏறும்போது மட்டும்தான் முழங்கால் வலிக்கிறது என்று மருத்துவரிடம் சொல்லியிருந்தேன். இப்போது இறங்கும்போதும் வலிக்கிறது. கடையை மூடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

விதவை ஒருத்தி பழைய பொம்மைக் கடையைத் தனியாக நடத்துகிறாளே என்று பரிதாபப்பட வருகிறவர்களுக்கு நான் நாற்காலி போடுவதில்லை. இன்று வந்த சேகரிப்பாளருக்குப் போட்டேன். இருப்பதை எல்லாம் மொத்தமாக வாங்கிக்கொள்கிறாராம். அவர் கட்டிவரும் காட்சிக்கூடத்தில் ஒரு முழு அறை, அறை வாசலில் என் கணவரின் பெயர். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஆயுள் முழுக்கத் தேடித்தேடிச் சேர்த்தவை ஆளுக்கொன்றாகச் சிதறாமல், அவர் பெயரில் ஓரிடத்தில் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது இது ஒன்றுதான்.

சேகரிப்பாளருக்கும் வேண்டியது ஒன்று இருக்கிறது. மேளக்காரனும் சேர்ந்து வர வேண்டும். அது இல்லாவிட்டால் பேச்சே இல்லை.

மார்ச் 6, வியாழன்

மேளக்காரன்: தகரம். முதுகில் சாவி. கரிய முகம், அதில் பாதிக்குச் சிவந்த உதடு. கோடு போட்ட கால்சட்டை, வெறுங்கால். சாவி கொடுத்தால் மேளம் அடித்தபடி கண்ணை உருட்டி நாக்கை நீட்டும். வெள்ளைக்காரப் பிள்ளைகள் சிரிப்பதற்காக ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன்னால் செய்தது. பெட்டியோடு கிடைப்பது அபூர்வம். பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் பெயரை இங்கே எழுத மாட்டேன். அது வசவு. எங்கள் கான்வென்ட்டில் அப்படி ஒரு வார்த்தை சொன்னால் வாயைச் சோப்பு போட்டுக் கழுவ வைப்பார்கள்.

ஆனால் அந்தப் பெட்டியை இத்தனை வருடமும் கடைக் கண்ணாடிக்குள் வைத்திருந்தோம். எழுத்து தெரியும்படி.

மகள் தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். அதை விற்கவே கூடாது, உடைத்துக் குப்பையில் போட வேண்டும் என்கிறாள். அவள் கணவருடைய முன்னோர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். மாப்பிள்ளைக்கு லிஃப்டுகளைப் பழுது பார்க்கும் வேலை. தமிழை என் மகளிடம் கற்றவர் என்பதால் சண்டைக்கு வேண்டிய சொற்கள் அத்தனையும் தெரியும். ஒன்றையும் பயன்படுத்தி நான் கேட்டதில்லை.

அவரே ஒன்றும் சொல்லாதபோது நீ ஏன் குதிக்கிறாய் என்று கேட்டேன்.

"அவர் சொல்ல மாட்டாரும்மா. அதனாலதான் நான் சொல்றேன்."

உடைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. உடைத்துவிட்டால், அப்படி ஒன்றை நாங்கள் செய்யவே இல்லை என்று செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் சொல்லிக்கொள்ளலாம். அவர்களுக்கு அந்தச் சௌகரியத்தை நான் ஏன் செய்துகொடுக்க வேண்டும்? தவிர, தகரம் தகரம்தான்.

மார்ச் 9, ஞாயிறு

மகள் பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

மார்ச் 15, சனி

பொருள்களைப் பெட்டியில் அடுக்க மாப்பிள்ளை வந்தார். மகள் வரவில்லை. சேகரிப்பாளரும் வந்தார். அவருடைய சென்ட் வாசனை அவருக்கு முன்னால் வந்தது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சாவி பொம்மை எதுவானாலும் வாங்குகிறவர் எதிரில் ஓட்டிக் காட்டாமல் வெளியே அனுப்புவதில்லை. ஓடுவதைப் பாதியில் கையால் பிடித்து நிறுத்தவும் கூடாது, நிறுத்தினால் உள்ளே பல்சக்கரம் உடையும். அது தானாக நிற்கும்வரை எல்லோரும் மேசை முன்னால் நிற்க வேண்டும். என் கணவர் வைத்த சட்டம். நான் மாற்றவில்லை.

ரயில், கரடி, குடைக்காரி என்று ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டியதில் என் விரல்கள் வீங்கிவிட்டன. மேளக்காரனின் சாவி எப்போதுமே இறுக்கம். பக்கத்தில் நின்றவரிடம் நீட்டினேன்.

"மாப்பிள்ளை, இதுக்குக் கொஞ்சம் சாவி குடுங்க."

கொடுத்தார். மேசை மேல் வைத்தார். மேளம் அடித்தது, கண் உருண்டது, நாக்கு வெளியே வந்து போனது. சேகரிப்பாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்து, "நீங்க சாவி குடுத்தா இன்னும் ஜோரா ஆடுது சார்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அதனால் சொன்னது ஒன்றும் குறைந்துவிடவில்லை.

மாப்பிள்ளை எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. முழுச் சாவி கொடுத்திருந்தார். அது நிற்கிற வழியாகத் தெரியவில்லை. நானும் நிறுத்தவில்லை. மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

பொம்மை நின்றதும் மாப்பிள்ளை அதைத் துணியால் துடைத்துப் பெட்டிக்குள் படுக்க வைத்தார். பெட்டியை, எழுத்து இருந்த பக்கம் கீழே போகும்படி வைத்தார். பிறகு அடுத்த பொருளை எடுத்தார்.

மார்ச் 16, ஞாயிறு

ஏன் அவரிடம் போய் நீட்டினேன்?

கை வலித்தது. பக்கத்தில் இருந்தார். அவ்வளவுதானே.

அவ்வளவுதான். அந்த நேரத்தில அவர் நிறம் எனக்கு ஞாபகத்துலயே இல்ல. வீட்டு மனுஷன், அவ்ளோதான். அது நல்லதுதானே? — இல்லையோ? நான் மறந்துட்டேன், சரி. அவரால மறந்துட்டு அங்க நிக்க முடியுமா?

இன்று எதுவும் சாப்பிடப் பிடிக்கவில்லை. வெயில் காரணமாக இருக்கும்.

மார்ச் 17, திங்கள்

விட்டுப்போன கருவிப் பையை எடுக்க மாப்பிள்ளை வந்தார். தேநீர் கொடுத்தேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அதை விற்கலாமா கூடாதா, உங்கள் வாயால் சொல்லுங்கள் என்றேன்.

கடை உங்களுடையது, மாமா சேர்த்த பொருள், இதில் நான் சொல்ல என்ன இருக்கிறது என்றார். ஸ்பானரை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார். ஜிப்பை இழுத்து மூடிய பிறகுதான் மீதியைச் சொன்னார்.

"வித்தா வித்துக்கோங்க அத்தை. அடுத்த தடவை சாவியை மட்டும் வேற யார்கிட்டயாவது குடுங்க."

குரலில் கோபம் இல்லை. குடித்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கோபத்துக்குச் சொல்ல என்னிடம் நிறைய பதில்கள் உண்டு.

மார்ச் 20, வியாழன்

சேகரிப்பாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். மேளக்காரன் இல்லை, மற்றதெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"அது இல்லாட்டி மீதியெல்லாம் வெறும் தகரம்மா."

பிறகு நிதானமாகப் பேசினார். இது சரித்திரம், மறைத்துவைத்தால் நடந்தது இல்லை என்று ஆகிவிடுமா, மக்கள் பார்க்க வேண்டாமா என்றார். நானே மகளிடம் சொன்னவைதான். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: அங்கே அதை ஓட்டுவீர்களா?

"ஓட்டாம பின்ன? சனி ஞாயிறு ஷோ வைக்கலாம்னு இருக்கேன். ஜனங்க வந்து சிரிச்சுட்டுப் போகட்டுமே."

அப்படியானால் வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுபடி மறுபடி அழைத்தார். நான் எடுக்கவில்லை.

அறை போயிற்று. வாசலில் பெயரும் போயிற்று. என் கணவர் இருந்திருந்தால் கொடுத்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது. இருந்திருந்தால் அவரோடும் சண்டை போட்டிருப்பேன்.

மார்ச் 21, வெள்ளி

மகளிடம் சொன்னேன். அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டுப் பேசு, ஒன்றும் புரியவில்லை என்றேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கல்லூரியில் சரித்திரம் கற்பிக்கும் பேராசிரியை ஒருவர், அவ்வப்போது கடைக்கு வருகிறவர், மேளக்காரனைத் தன் வகுப்புக்குக் கேட்டார். பிள்ளைகள் சிரிப்பார்களா என்று கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை.

"முதல்ல சிரிப்பாங்க. ஏன் சிரிச்சீங்கன்னு கேப்பேன். அங்கதான் பாடம் ஆரம்பிக்கும்."

மாப்பிள்ளையைக் கேட்டேன். இந்த முறை முதலிலேயே கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அங்கே போகட்டும் என்றார்.

விலை வாங்கவில்லை. விற்பது வேறு, இது வேறு. பொம்மையோடு இருந்த அட்டையில் என் கணவர் கையெழுத்தில் 'வேடிக்கை மேளக்காரன், நல்ல நிலை' என்று இருந்தது. அதை எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டு, வேறு அட்டை எழுதி வைத்தேன்: 'ஓர் இனத்தையே கேலி செய்வதற்காகத் தயாரித்தது. நன்றாக ஓடும்.' இரண்டும் உண்மை.

எங்கள் கடையிலிருந்து ஓட்டிக் காட்டாமல் வெளியே போன முதல் பொம்மை அதுதான்.

இந்த மாதிரிப் பொருள்களை மற்றவர்கள் விற்கலாமா என்று பேராசிரியை கேட்டார். மற்றவர்கள் கடைக்கு நான் முதலாளி அல்ல என்றேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ரயிலை ஒரு பல் மருத்துவர் வாங்கிப் போனார். கரடி யாருடைய கல்யாணத்துக்கோ பரிசாகப் போயிற்று. குடைக்காரி போன இடம் தெரியவில்லை, விலாசம் கேட்க மறந்துவிட்டேன். இப்படி நான் மறப்பதில்லை.

ஏப்ரல் 26, சனி

அலமாரிகள் காலி. திங்களன்று சாவியைக் கட்டட உரிமையாளரிடம் கொடுக்க வேண்டும். அடுத்து இங்கே மூக்குக்கண்ணாடிக் கடை வருகிறதாம்.

மகள் தரையைப் பெருக்கினாள். மூலைகளை விட்டுவிட்டாள். அவள் அந்தப் பக்கம் போனதும் நான் பெருக்கினேன்.

கடைசியாக, வாசலுக்கு மேல் இருந்த பெயர்ப் பலகை. மாப்பிள்ளை ஏணியில் ஏறித் திருகாணிகளைக் கழற்றினார். பலகை இருந்த இடத்தில் சுவர் புதிதாக இருந்தது. ஒரு முனையை நான் பிடிக்கிறேன் என்றேன். நீங்கள் தள்ளி நில்லுங்கள் அத்தை என்று தானே தூக்கிக்கொண்டு இறங்கினார். என் கணவரின் பெயரில் நீல வண்ணம் இன்னும் உதிரவில்லை.

எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். என் வீட்டில் அவ்வளவு நீளச் சுவர் இல்லை. விறகுக் கடைக்குத்தான் போக வேண்டும் என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன்.

"எங்க வீட்டுக் கூடத்துல மாட்டிக்கறேன் அத்தை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவுல சரியா உக்காரும்."

இவ்வளவு நீளம் அங்கே உட்காராது, கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள் என்றேன்.

போன வாரமே அளந்துவிட்டாராம்.