நாங்கள் செய்த கொக்கி

பனிவயல் நான்கு, செவ்வாய் கிரகம்
வண்டிப் பராமரிப்புப் பதிவேடு
எழுதுபவர்: ஜெஸிந்தா, மெக்கானிக்

நாள் 208 | 07:10

வண்டி 5: பேட்டரி 94 சதவீதம். சீவுதகடு தேய்மானம் இரண்டு மில்லிமீட்டர். ஓடும்.

வண்டி 7: பேட்டரி 91. இடது பின்சக்கரத்தில் ஒரு போல்ட் தளர்வு, இறுக்கியாயிற்று. ஓட்டுநர் இசக்கிமுத்து 07:40க்குக் கிளம்புவார். இந்தக் குடிலில் இருப்பது நாங்கள் இரண்டே பேர்.

படிவத்தில் 'கூடுதல் பாகங்கள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஐந்து மாதமாக அதில் 'இல்லை' என்று எழுதி வருகிறேன். அது பொய். இரண்டு வண்டியிலும் பின்னால் ட்ரெய்லர் மாட்டும் கொக்கி இருக்கிறது. செய்தது நான். செய்யச் சொன்னது தலைமை முகாம். எழுத வேண்டாம் என்று சொன்னதும் அவர்கள்தான்.

நேற்று லோடை ஒரு டன்னிலிருந்து மூன்று டன் ஆக்கினார்கள். அதனால் இன்றிலிருந்து உள்ளதை எழுதுகிறேன். இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் முழுதாகப் படிக்கவும்.

நாள் 208 | 20:15

கொக்கியின் கதை.

தலைமை முகாமின் கூரைக்குள் அரை ஏக்கர் புல்வெளி உண்டு. அதிகாரிகள் மாலையில் அங்கே நடப்பார்கள். எங்கள் வண்டிகள் அந்தப் புல்லை வெட்ட வந்தவை. பழசானதும் அடித்தகட்டை மாற்றி, நிலத்துப் பனியைச் சீவ இங்கே தள்ளிவிட்டார்கள். சீவிய பனியை ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பனி உருக்கும் ஆளில்லா நிலையத்துக்குச் சேர்க்க ஒரு பெரிய இழுவை வண்டி இருந்தது. ஐம்பதாம் நாள் அதன் மோட்டார் எரிந்தது. மாற்று மோட்டார் 'அடுத்த கப்பலில்'. இரண்டு கப்பல் வந்து போய்விட்டன. ஒன்றில் புல் விதை வந்தது.

அதன் ட்ரெய்லர் மட்டும் மிஞ்சியது. அதை இந்தக் குட்டி வண்டிகளோடு மாட்ட வேண்டும் என்றார்கள்.

முதலில் பின்தகட்டில் துளை போட்டுக் கொக்கி வைத்தேன். அந்தத் தகடு புல் தெறிக்காமல் இருக்க வைத்த மூன்று மில்லிமீட்டர் தகரம். இரண்டாம் நாளே கிழிந்தது. பிறகு எங்கள் இரண்டு கட்டில்களையும் அறுத்தேன். கட்டிலின் இரும்புச் சட்டத்தை அச்சுக்குக் கீழே, வண்டியின் முதுகெலும்புச் சட்டத்தோடு எட்டு போல்ட் போட்டு இறுக்கினேன். கொக்கி அச்சுக்குக் கீழே இருக்கும் வரை வண்டி எவ்வளவு இழுத்தாலும் முன்சக்கரம் தூக்காது. அன்றிலிருந்து நாங்கள் தரையில் படுக்கிறோம்.

படம் எடுத்துத் தலைமை முகாமுக்கு அனுப்பினேன். எங்கள் பிரிவு அதிகாரி நந்தகோபனின் பதில் இது. அழித்துவிடுவார்கள் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

"சூப்பர்மா ஜெஸிந்தா. பிரமாதமா இருக்கு. இது எழுத்துல மட்டும் வேண்டாம், சரியா? பின்னாடி சுமை ஏறினா வண்டியில இருக்கற சென்சார் எங்களுக்குக் காட்டும். அதை நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஐந்து மாதம்.

நாள் 210 | 18:30

மூன்று டன் ஏற்றியதும் வண்டியின் பின்பக்கம் அமுங்குகிறது. கொக்கி தரையை உழுகிறது. இன்று மூன்று இடத்தில் கல்லில் மாட்டி நின்றது. தலைக்கவச ரேடியோவில் இசக்கி அண்ணன்:

"ஏ ஜெஸி, கொக்கிய எங்க வச்சிருக்க நீ? கோழி கெளறுத மாதிரில்லா கெளறுது. ஒரு சாண் தூக்கி வையி."

"தூக்குனா அச்சுக்கு மேல போயிரும் அண்ணாச்சி. மூக்கு தூக்கும்."

"தூக்கட்டும். எங்க ஊருல வாழைத்தார் லோடு ஏத்திட்டு ஆத்து மேட்டுல ஏறும்போது தூக்காத டிராக்டரு உண்டா? ரெண்டு பேரு முன்னால பானட்டுல ஏறி உக்காருவானுவ. அம்புட்டுதான் விசயம்."

"அங்க எழுபது கிலோ ஆளு இங்க இருபத்தாறு கிலோ."

"அப்பம் ஆறு பேரு உக்காரணும். இருக்கது ரெண்டு பேரு. சாக்குல கல்லக் கட்டு தாயி, அது சம்பளம் கேக்காது."

சிரித்தேன். 'லோடைக் குறையுங்கள், இல்லாவிட்டால் கொக்கியை உயர்த்த வேண்டும், அது ஆபத்து' என்று தலைமை முகாமுக்கு எழுதினேன். பதில்: "இலக்கில் மாற்றம் இல்லை. உங்கள் அனுபவத்தைப் பயன்படுத்தவும்."

நாள் 211 | 19:10

வண்டி 7இன் கொக்கியை ஒரு சாண் உயர்த்தினேன். இப்போது அச்சுக்கு நான்கு விரல் மேலே. முன்னால் கல் மூட்டை இரண்டு.

இது என் கை செய்தது. மறைக்கவில்லை.

நான்கு நடை போனது. மேட்டில் நான் பானட்டில் உட்கார்ந்து போனேன். மூக்கு தூக்கவில்லை. அண்ணன் ஊர் வழக்கம் ஜெயித்ததாக நாள் முழுக்கப் பீற்றிக்கொண்டார்.

நாள் 212 | 13:40

காலையில் தலைமை முகாம் என்னைக் குடிலிலேயே இருந்து மாத அறிக்கையை முடிக்கச் சொன்னது. அண்ணன் தனியாகப் போனார்.

13:25 வண்டி 7 கவிழ்ந்ததற்கான எச்சரிக்கை. இடம் ஆறாவது கிலோமீட்டர் மேடு. 13:31 அண்ணன் குரல் வந்தது.

"ஜெஸி. வண்டி பின்னால மல்லாந்துட்டு. ட்ரெய்லர் சக்கரம் சரளைல பொதஞ்சி நின்னுச்சி. சித்த பின்னுக்கு எடுத்து, ஒரு உலுக்கு உலுக்குனேன். அவ்வளவுதாம். தொடை மேல கெடக்கு. சட்டை கிழியல."

உலுக்கினார். புதைந்த ட்ரெய்லரை எல்லா ஓட்டுநரும் அப்படித்தான் எடுப்பார்கள். இங்கே எடை பூமியில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். கல் மூட்டைக்கும் அப்படித்தான். ஆனால் மூன்று டன்னை உலுக்கினால் அது திருப்பி இழுக்கும் விசை கொஞ்சமும் குறையாது. இது எனக்குத் தெரியும். மேட்டில் ஏறுவதை மட்டும் யோசித்தேன். புதைவதை யோசிக்கவில்லை.

அவரிடம் ஆக்சிஜன் நான்கு மணி ஐம்பது நிமிடம். நான் கொண்டுபோகும் உருளை இன்னும் இரண்டு மணி நேரம் தரும். மீட்பு வண்டி தலைமை முகாமிலிருந்து வர ஒன்பது மணி நேரம்.

எண்களைக் கூட்டிப் பாருங்கள். நான்தான் போக வேண்டும். வண்டி 5ஐ எடுக்கிறேன்.

நாள் 212 | 13:58

வண்டி 5 கிளம்பவில்லை. திரையில்: 'அனுமதியற்ற பாகம். பூட்டப்பட்டது.'

ஐந்து மாதம் அதே சென்சார், அதே கொக்கி. ஒரு நாள்கூடப் பூட்டு விழுந்ததில்லை. விபத்து நடந்து இருபத்தேழாம் நிமிடம் விழுந்துவிட்டது. நந்தகோபன்:

"ஜெஸிந்தா, பதட்டப்படாதீங்க. காப்பீட்டு ஆளுங்க டேட்டாவைப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. அந்தக் கொக்கியோட ஒரு வண்டி ஓடுச்சுன்னா என்னால எதுவும் பண்ண முடியாது. கழட்டிட்டு ஒரு போட்டோ அனுப்புங்க. உடனே திறந்து விடறேன்."

"கொக்கி இல்லாம அவரு மேல கெடக்க வண்டிய எப்படி சார் இழுக்க?"

"நீங்க இழுக்க வேண்டாம்மா. பக்கத்துல இருந்து தைரியம் சொல்லுங்க. மீட்பு வண்டி வருது."

தைரியம் சொல்வதற்கு ஆறு கிலோமீட்டர். இந்த வரியைப் படிக்கும்போது அவர் முகத்தை யாராவது பார்க்க வேண்டும்.

நாள் 212 | 14:36

எட்டு போல்ட்டையும் கழற்றினேன். படம் அனுப்பினேன். பூட்டு திறந்தது.

கொக்கியை இருக்கைக்கு அடியில் வைத்துக் கட்டிவிட்டேன். எட்டு போல்ட், ஸ்பேனர், சங்கிலி, ஆக்சிஜன் உருளை. கிளம்புகிறேன். இனி எழுத்து இல்லை, குரல் பதிவு.

நாள் 212 | 15:14

வந்துவிட்டேன். வலது தொடை முழுக்க வண்டிக்கு அடியில். கொண்டுவந்த உருளையையும் அவர் உடையில் இணைத்தேன். அண்ணன் சொன்ன முதல் வார்த்தை: "அறிக்கை முடிச்சிட்டியா?"

"உங்க வாயி மேலயும் வண்டி விழுந்திருக்கலாம்."

"விழுந்தா ஒனக்குத்தான் பொழுது போவாது."

உடை காட்டும் இரத்த அழுத்தம் 100. காலையில் 130. கிழியாத உடைக்குள் எங்கோ கசிகிறது.

நாள் 212 | 15:52

கொக்கியை மாட்டினேன். அச்சுக்குக் கீழே. வெளியே குளிர் மைனஸ் நாற்பது. கட்டில் இரும்பு இந்தக் குளிரில் வளையாது, நொறுங்கும். மெதுவாகத்தான் இழுக்க வேண்டும். ஆறாவது போல்ட்டின் மரை சிதைந்தது. ஏழு போதும்.

நாள் 212 | 16:09

சங்கிலியைப் பக்கவாட்டில் கட்டி நூல் இழுப்பது போல் இழுத்தேன். வண்டி 7 புரண்டு நேராக விழுந்தது. கொக்கி தாங்கியது.

அண்ணன் கத்தவில்லை. பல்லைக் கடித்த சத்தம் ரேடியோவில் கேட்டது.

தொடைக்கு மேல் கட்டுப் போட்டேன். அழுத்தம் 92. குடிலில் மருத்துவப் படுக்கை இருக்கிறது, இரத்தம் ஏற்றலாம். அவரால் உட்கார முடியாது. ட்ரெய்லரின் பக்கக் கதவைத் திறந்து மூன்று டன் பனியையும் சரித்துக் கொட்டினேன். அதிகாரிகளின் புல் இன்று காயட்டும். வெறும் ட்ரெய்லரில் அவரைப் படுக்க வைத்து, வண்டி 5இல் மாட்டப் போகிறேன்.

நாள் 212 | 16:21

பூட்டப்பட்டது. இழுத்தபோது சென்சார் காட்டிக் கொடுத்திருக்கிறது.

கொக்கியைக் கழற்றிப் படம் எடுத்து அனுப்பினேன். திறக்கவில்லை. மறுபடி அனுப்பினேன். நந்தகோபன் பதில் சொல்லவில்லை. அவருடைய இடத்தில் ஒரு பதிவுக் குரல் பேசுகிறது: "இந்த வண்டி விசாரணையில் உள்ளது." வண்டி 7இன் அச்சு முறிந்து கிடக்கிறது.

வெறும் ட்ரெய்லர் இருநூற்றைம்பது கிலோ. அண்ணனும் உடையும் நூற்று நாற்பது. இங்கே அது நூற்றைம்பது கிலோவை உருட்டுகிற பாடு. புதைந்த சக்கரத்தைச் சரளையிலிருந்து தோண்டி எடுத்துவிட்டேன், நன்றாகத்தான் சுற்றுகிறது. சரக்குப் பட்டையை இடுப்பிலும் தோளிலும் சுற்றி ட்ரெய்லர் கம்பியில் கட்டினேன்.

"என்னட்டி செய்த?"

"கொக்கி மாட்டுதேன்."

"எங்க?"

"பேசாம படுங்க அண்ணாச்சி."

பிறகு சொன்னார்: "பேச்சு வரலன்னா கம்பியத் தட்டுதேன். ஒனக்குத் தெரியும்."

நாள் 212 | 17:20

இரண்டரை கிலோமீட்டர். இறக்கத்தில் ட்ரெய்லர் என்னைத் தள்ளியது, இரண்டு முறை விழுந்தேன். முட்டி வீங்கிவிட்டது. அழுத்தம் 84. அவர் பேச்சை நிறுத்திவிட்டார். தட்டுகிறார். மும்மூன்றாக. பட்டை வழியே என் இடுப்பில் தெரிகிறது.

என் ஆக்சிஜன் கணக்கை விடக் கூடுதலாகக் கரைகிறது. மாடு மாதிரி இழுத்தால் மாடு மாதிரிதான் மூச்சு வாங்கும்.

நாள் 212 | 18:12

நான்கரை. நந்தகோபன் ரேடியோவில் திரும்பி வந்துவிட்டார்.

"ஜெஸிந்தா, வண்டி 5 லாக்ல நிக்குது. ட்ரெய்லர் மட்டும் நகருதுன்னு காட்டுது. ட்ரெய்லர் எதோட மாட்டியிருக்கு?"

"என்னோட."

பக்கத்தில் யாரிடமோ பேசும் சத்தம்.

"அது அனுமதியில்லாத இணைப்பும்மா. உங்க பாதுகாப்புக்காகச் சொல்றேன். அவிழ்த்துட்டு அங்கேயே நில்லுங்க. இது பதிவாகுது."

"பதிவாகட்டும் சார். உங்க பேரோட பதிவாகட்டும்."

அந்த அலைவரிசையை அணைத்துவிட்டேன்.

நாள் 212 | 18:44

சூரியன் போய்விட்டது. குடிலின் விளக்கு தெரிகிறது. நானூறு மீட்டர்.

கடைசித் தட்டு 18:26.

திரும்பிப் பார்க்கவில்லை. நின்றால் சக்கரம் புதையும். புதைந்தால் மறுபடி கிளப்ப என்னால் முடியாது.

கொக்கியை உயர்த்தியது நான். மூன்று டன் ஏற்றியது நான் இல்லை. இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதுகிறவனை நம்பாதீர்கள்.

நாள் 212 | 18:51

இருநூற்றைம்பது. அண்ணே, ஒரு தட்டு. ஒன்று போதும்.

18:53

பட்டையில் ஏதோ அதிர்ந்தது. சக்கரத்தில் கல் பட்டிருக்கலாம்.

18:54

மூன்று. நிறுத்தி, மறுபடி மூன்று. கல் எண்ணித் தட்டாது.

நூற்றெழுபது மீட்டர். என் உருளை சிவப்பில் வந்துவிட்டது. பேசினால் மூச்சு வீணாகும். பதிவை இத்தோடு